வெள்ளைப் புள்ளியும் கைநடுக்கமும்: ஸ்கேன் ரிப்போர்ட் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். "மூளை எம்ஆர்ஐயில் வெண்பொருள் மாற்றம் என்று போட்டிருக்கிறது, ஆளுக்கு நடுக்கமும் இருக்கிறது, இரண்டும் ஒன்றுதானா?" (வெண்பொருள் என்பது மூளையில் நரம்பு இழைகள் ஓடும் பகுதி.) ரிப்போர்ட்டை வரிக்கு வரி பார்த்து எழுதுகிறவர்கள், ஆள் எப்படி நடக்கிறார், எந்தக் கை முதலில் நடுங்கியது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை எழுதுவதில்லை. எனக்கு முதலில் வேண்டியது அதுதான். அடுத்த முறை அதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஒரு வருடமாக வலது கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறது. எம்ஆர்ஐயில் "இருபுறமும் வெண்பொருளில் சிறு புள்ளிகள், ஃபசெகாஸ் 1" என்று வந்திருக்கிறது. அந்தப் புள்ளிகளால்தான் பார்க்கின்சன் வந்ததா?

இல்லை. ஃபசெகாஸ் என்பது 1987இல் வந்த ஒரு தரவரிசை. ஃப்ளேர் என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் வெள்ளையாகத் தெரியும் இடங்களை 0 முதல் 3 வரை பிரிக்கிறது. 1 என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டுகள், அவ்வளவுதான். அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்கும். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

பார்க்கின்சனில் கெடுவது நடுமூளையில் இருக்கும் கருநிறப் பட்டை, சப்ஸ்டான்ஷியா நைக்ரா. வெளியே அறிகுறி தெரியும் நேரத்திலேயே அங்கே டோபமைன் என்ற, அசைவைச் சீராக்கும் வேதிப்பொருளைத் தரும் செல்களில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும். அப்படியிருந்தும் சாதாரண எம்ஆர்ஐ பெரும்பாலும் இயல்பாகவே வரும். நாம் எம்ஆர்ஐ எடுப்பது கட்டி, ரத்தக்கசிவு, நீர் தேங்கல், வேறு வகை நடுக்குவாதம் இவையெல்லாம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான். காந்த வலிமை கூடுதலான 3 டெஸ்லா எந்திரத்தில் தனி வகைப் படம் எடுத்தால், நைக்ராவின் ஓரத்தில் தகைவிலான் குருவியின் பிளந்த வால்போல ஒரு வடிவம் தெரியும். பார்க்கின்சனில் அது மறைந்துவிடும். ஆனால் பார்க்கின்சனைப் போலவே தோன்றும் எம்எஸ்ஏ, பிஎஸ்பி போன்ற வேறு நோய்களிலும் அது மறையும். அதனால் அதை மட்டும் வைத்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது.

அப்பாவுக்கு இருப்பது பார்க்கின்சனா என்பதைக் கையைப் பிடித்துப் பார்த்து, நடக்க வைத்துப் பார்க்கும் நரம்பியல் மருத்துவர் சொல்வார்.

கேள்வி: நடுக்கத்துக்காக எடுக்கும் எம்ஆர்ஐக்கு ஊசி மருந்து, அதாவது கான்ட்ராஸ்ட், போட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கட்டி, தொற்று என்று சந்தேகம் இருந்தால் மட்டும். போடுவதாக இருந்தால் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை, பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. மூன்று வருடமாக வலது கை நடுக்கம், நடை மெதுவு. லெவோடோபா மாத்திரையில் நன்றாக இருந்தார்கள். போன மாதம் வேறு காரணத்துக்காக எம்ஆர்ஐ எடுத்தோம். வெண்பொருளில் மாற்றங்கள் இருந்ததால் "இது பார்க்கின்சன் இல்லை, சின்னச் சின்ன ஸ்ட்ரோக்" என்று சொல்லி, லெவோடோபாவை நிறுத்திவிட்டு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இப்போது படுக்கையில் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. என்ன செய்வது?

முதல் வேலை: இன்றே உங்கள் பழைய நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவை மறுபடி தொடங்குவது பற்றிப் பேசுங்கள். தள்ளிப் போடாதீர்கள். இந்தப் பகுதியில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன், மறுபடியும் எழுதுகிறேன்: லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சிலருக்குக் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். அம்மாவுக்குக் காய்ச்சலோ குழப்பமோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

இனி இந்த "சின்னச் சின்ன ஸ்ட்ரோக்" விஷயத்துக்கு வருகிறேன். படம் படிப்பதே தொழிலாக இருக்கும் எனக்கு இதைப் போல மனதை வருத்துவது வேறொன்றும் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரே நாள் காலையில் அடுத்தடுத்து இருவருக்குப் படம் எடுத்தோம். முதலாமவருக்கு 74 வயது. மூளையின் நீர் அறைகளைச் சுற்றி வெள்ளை ஒன்றோடொன்று சேர்ந்து மேகம்போலக் கிடந்தது. ஃபசெகாஸ் 3. மனிதர் மாடிப்படி ஏறி வந்து, தானாகவே ஸ்கேன் மேசையில் ஏறிப் படுத்தார். தலைவலிக்காகத்தான் எடுக்க வந்திருந்தார். அடுத்து வந்தவருக்கு 62. படத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றவே நான்கு நிமிடம் ஆனது. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டிக்கொண்டே இருந்தன. பெயரை மறைத்துவிட்டு இரண்டு படங்களையும் காட்டி, பார்க்கின்சன் யாருக்கு என்று கேட்டால் யாராக இருந்தாலும் மாற்றித்தான் சொல்வார்கள்.

ரத்தக்குழாய்க் கோளாறால் வரும் பார்க்கின்சன் போன்ற நிலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கென்று ஒரு சாயல் இருக்கிறது. பாதிப்பு இடுப்புக்குக் கீழேதான் அதிகம். கால்களை அகட்டி வைத்து, குட்டிக்குட்டி அடியாக, பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நடப்பார்கள். கை ஓரளவு நன்றாக இருக்கும், முகத்திலும் உணர்ச்சி தெரியும். சும்மா இருக்கும் கையில் நடுக்கம் வருவது அபூர்வம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். லெவோடோபா பெரிதாகப் பலன் தராது. உங்கள் அம்மாவுக்கு ஒரு பக்கக் கை நடுக்கத்தில் தொடங்கியது, மாத்திரையில் மூன்று வருடம் நன்றாக இருந்தார்கள். இரண்டுமே பார்க்கின்சனுக்கான சாட்சி. ஒரு ஃப்ளேர் படம் அந்தச் சாட்சிகளைப் பொய்யாக்க முடியாது.

இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 71 வயதில் ரத்த அழுத்தமும் இருந்தால் வெண்பொருள் மாற்றமும் இருக்கும், பார்க்கின்சனும் இருக்கும். அப்படி இருப்பவர்களுக்கு நடை தடுமாற்றமும் ஞாபக மறதியும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதற்காகக் கூடுதல் கவனம் வேண்டுமே தவிர, இருக்கிற நல்ல மருந்தைப் பிடுங்கக் கூடாது.

அப்புறம் அந்த ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. பக்கவாதமே வராதவருக்கு, படத்தில் வெள்ளை தெரிகிறது என்பதற்காக மட்டும் ஆஸ்பிரின் வகைகளைக் கொடுக்க வேண்டாம் என்றே ஐரோப்பியப் பக்கவாத அமைப்பின் 2021 வழிகாட்டி சொல்கிறது. வயதாக ஆக ரத்தக்கசிவு ஆபத்துதான் கூடுகிறது. இதய ரத்தக்குழாய் அடைப்பு மாதிரி வேறு காரணம் இருந்தால் கதை வேறு. அதனால் நீங்களாக நிறுத்தாமல், எதற்காகக் கொடுத்தார்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இதில் எங்கள் பக்கத் தவறும் இருக்கிறது. ஸ்கேன் சீட்டில் "எம்ஆர்ஐ பிரெயின்" என்று இரண்டே வார்த்தை வரும். நோயாளிக்கு என்ன தொந்தரவு என்று ஒரு வரி இருக்காது. படிப்பவர் வெள்ளையைப் பார்க்கிறார், வெள்ளை என்று எழுதுகிறார். ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர் அதையே நோய் என்று எடுத்துக்கொள்கிறார். "வலது கை நடுக்கம், மூன்று வருடம், லெவோடோபாவுக்கு நல்ல பலன்" என்று சீட்டில் எழுதியிருந்தால் ரிப்போர்ட்டின் கடைசி வரி வேறு மாதிரி இருந்திருக்கும். மருத்துவர் எழுதாவிட்டால் நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஸ்கேன் மையத்தில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: படம் அனுப்பியிருக்கிறேன். என்ன நோய் என்று சொல்லவும்.

ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து செல்போனில் எடுத்த ஒரே ஒரு போட்டோ. வயது இல்லை, தொந்தரவு இல்லை, ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. ஒரு எம்ஆர்ஐயில் நூற்றுக்கணக்கில் படங்கள் இருக்கும். இதை வைத்து ஏதாவது சொன்னால் அது மருத்துவம் ஆகாது. படங்கள் முழுதும் பதிந்த சிடியும் (குறுந்தகடு) ரிப்போர்ட்டும் வாங்கிக்கொண்டு, நோயாளியையும் கூட்டிக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு ஐந்து வருடமாகப் பார்க்கின்சன். மூளை நரம்பு இழைகளைக் கலர் கலராகக் காட்டும் டிடிஐ ஸ்கேன் எடுத்தால் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரியும் என்று படித்தேன். செலவு பற்றிக் கவலை இல்லை. எடுக்கலாமா?

உங்கள் அக்கறை புரிகிறது. ஆனாலும் வேண்டாம் என்பேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டிடிஐ அளப்பது நீர் மூலக்கூறுகளின் நகர்வை. வெண்பொருள் என்பது நரம்பு இழைகள் கட்டுக்கட்டாக ஓடும் இடம். அங்கே நீர் மூலக்கூறுகள் இழையின் நீளவாக்கில் சுலபமாக நகரும், குறுக்கே நகரத் தடை இருக்கும். இந்த ஒருபக்கச் சாய்வை 0 முதல் 1 வரை ஓர் எண்ணாகத் தருவார்கள், எஃப்ஏ என்று பெயர். கட்டு குலைந்தால் எண் இறங்கும். 1994இல் பாஸர், மாட்டியெல்லோ, லெ பிஹான் மூவரும் கொடுத்த வழிமுறை இது. ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. பார்க்கின்சன் உள்ள நூறு பேரையும் இல்லாத நூறு பேரையும் ஒப்பிட்டால் சராசரியில் வித்தியாசம் தெரியும். நைக்ராவின் பின்பகுதியில் கட்டுப்படாமல் திரியும் நீரின் அளவு வருடத்துக்கு வருடம் கூடுவதையும் கண்டிருக்கிறார்கள்.

ஆனால் அது கூட்டத்தின் சராசரி. உங்கள் தந்தை ஒருவர். இரு கூட்டத்தின் எண்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. எந்திரம் மாறினால் எண் மாறும், தலை கொஞ்சம் அசைந்தால் எண் மாறும், இழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இடத்தில் நோயே இல்லாமலும் எண் குறையும். கலர்ப் படம் பார்க்க அழகாக இருக்கும், அதைப் பார்த்து ஒரு மாத்திரையைக்கூட யாரும் மாற்றப் போவதில்லை. அந்தப் பணத்தை வாரம் இரண்டு நாள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிக்குக் கொடுங்கள்.

ஓர் இடத்தில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. நடுக்கத்துக்காக மூளையில் மின்முனை வைக்கும்போதோ, ஒலி அலையைக் குவித்துச் சிகிச்சை செய்யும்போதோ, சிறுமூளையிலிருந்து, மூளையின் நடுவே உள்ள தலாமஸ் என்ற பகுதிக்குப் போகும் இழைக்கட்டு எங்கே ஓடுகிறது என்று குறிக்க உதவும். அது தேவையா என்பதை அந்தச் சிகிச்சைக் குழு முடிவு செய்யும்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுத்து நோய் கூடுகிறதா என்று பார்க்கலாமா?

தேவையில்லை. கீழே விழுந்து தலையில் அடிபட்டால், திடீரென்று நிலை மாறினால், மருத்துவருக்கு நோயின் பெயரிலேயே சந்தேகம் வந்தால் எடுங்கள்.

கேள்வி: கணவருக்கு 56 வயது. எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு விழுகிறார். சிறுநீர் அடக்க முடியவில்லை. நடை தள்ளாடுகிறது. ரிப்போர்ட்டில் "பான்ஸில் ஹாட் கிராஸ் பன் அடையாளம்" என்று இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

அம்மா, விவரமாக எழுதியதற்கு நன்றி. புனித வெள்ளியன்று பேக்கரியில் மேலே சிலுவைக் குறி போட்டு விற்கும் பன்னைப் பார்த்திருப்பீர்கள். பான்ஸ் என்பது மூளைத்தண்டின் நடுப்பகுதி. அதில் குறுக்காக ஓடி, நடுத் தண்டு வழியாகச் சிறுமூளைக்குப் போகும் வெண்பொருள் இழைகள் அழிந்துவிட்டால், டி-2 என்ற வகை எம்ஆர்ஐ படத்தில் அந்தச் சிலுவை வெள்ளையாகத் தெரியும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்த்தால் மருத்துவர் எம்எஸ்ஏ என்ற நோயை நினைப்பார். சிலுவை மட்டும் போதாது. பரம்பரையாக வரும் சில சிறுமூளை நோய்களிலும் அது தெரியும். ஆனால் 2022இல் வந்த எம்எஸ்ஏ வரையறையில், மருத்துவப் பரிசோதனையின் அடிப்படையில் நோயை உறுதி என்று சொல்ல இப்படிப்பட்ட எம்ஆர்ஐ அடையாளம் ஒன்றாவது வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

இந்த நோயில் வெண்பொருள் ஏன் இவ்வளவு அடிபடுகிறது என்பதற்குக் காரணம் உண்டு. பார்க்கின்சனில் தீங்கான புரதம் நரம்பு செல்லுக்குள் சேருகிறது. எம்எஸ்ஏயில் அதே புரதம், நரம்பு இழைக்கு உறை போர்த்தும் ஒலிகோடெண்ட்ரோசைட் செல்களுக்குள் சேருகிறது. 1989இல் அந்தத் திரட்டுகளைக் கண்டுபிடித்த பிறகுதான் தனித்தனி நோய்களாக நினைத்திருந்தவை ஒரே நோய் என்பது உறுதியானது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. ரத்த அழுத்தத்தைப் படுத்தபடியும் நின்றபடியும் எடுத்து எழுதி வையுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தைச் செங்கல் வைத்து உயர்த்துங்கள். சிறுநீர் விஷயத்தையும் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். இரவில் மூச்சை உள்ளே இழுக்கும்போது சீழ்க்கை மாதிரி சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் போனில் பதிவு செய்து உடனே காட்டுங்கள். அது சாதாரணக் குறட்டை இல்லை, குரல்வளை சுருங்குவதன் சத்தம்.

கேள்வி: மாமனார் ஒரே வருடத்தில் ஐந்து முறை பின்பக்கமாக விழுந்துவிட்டார். தட்டில் இருக்கும் சோற்றைப் பார்க்காமலே சாப்பிடுகிறார், சட்டையெல்லாம் சிந்துகிறது. எம்ஆர்ஐ "வயதுக்கேற்ற சுருக்கம்" என்று வந்தது. சரிதானா?

மறுபடி படிக்கக் கொடுங்கள். ஆரம்பத்திலேயே பின்பக்கமாக விழுவது, கண் கீழ்நோக்கிப் போகாதது இரண்டும் சேர்ந்தால் பிஎஸ்பி என்ற நோயைத் தேட வேண்டும். தட்டைப் பார்க்காமல் சாப்பிடுவது அலட்சியம் அல்ல, பார்வை கீழே இறங்கவில்லை. 1964இல் டொரண்டோவில் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி மூவரும் விவரித்த நோய். பக்கவாட்டுப் படத்தில் நடுமூளை மெலிந்து தேன்சிட்டின் அலகுபோலத் தெரியும். 2005இல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வில், ஆரோக்கியமானவர்களின் நடுமூளைப் பரப்பு சுமார் 118 சதுர மில்லிமீட்டர், பிஎஸ்பி உள்ளவர்களுக்கு 55 சொச்சம். சிறுமூளையிலிருந்து மேலே போகும் வெண்பொருள் தண்டும் இதில் மெலியும். நடுமூளை, பான்ஸ் பரப்புகளையும் சிறுமூளைத் தண்டுகளின் அகலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எம்ஆர்பிஐ என்ற குறியீடு உண்டு. "அதைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள்" என்றே கேளுங்கள். முன்பு எடுத்த எம்ஆர்ஐயின் சிடியே (குறுந்தகடு) போதும், புதிதாக எடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு 60 வயது. வாயுத் தொல்லைக்கு ஒரு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். நான்கு மாதமாக இரண்டு கையும் நடுங்குகிறது, உடல் இறுக்கமாக இருக்கிறது. எம்ஆர்ஐ நார்மல். பார்க்கின்சன் தொடக்கமா?

மாத்திரையின் பெயரை எழுதாமல் விட்டுவிட்டீர்களே, பதிலே அதில்தான் இருக்கிறது. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். லெவோசல்பிரைடு, மெட்டோகுளோப்ரமைடு என்று இருந்தாலோ, தலைச்சுற்றலுக்கு வாங்கிய மாத்திரையில் சின்னரிசின், ஃப்ளூனரிசின் என்று இருந்தாலோ, நடுக்கம் அதனால் வந்திருக்கலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் காட்டி நிறுத்தச் சொல்லுங்கள். நடுக்கம் சரியாகச் சில மாதங்கள் பிடிக்கும். அதற்குப் பிறகும் போகாவிட்டால் மூளையில் டோபமைன் செல்களின் முனைகள் எவ்வளவு இருக்கின்றன என்று காட்டும் ட்ரோடாட் ஸ்கேன் உதவும்: மருந்தால் மட்டும் வந்த நடுக்கத்தில் அவை இயல்பாக இருக்கும், பார்க்கின்சனில் குறைந்திருக்கும். நடுக்கம் என்றதும் எம்ஆர்ஐக்கு ஓடும் முன் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: எனக்கு 64 வயது. கை நடுக்கம், நடையில் தடுமாற்றம். சிறுமூளையின் நடுத் தண்டு இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கிறது என்று ரிப்போர்ட். இதற்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை, மகளின் பையனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மிகவும் சம்பந்தம் உண்டு. பேரனைப் பற்றி எழுதினீர்களே, அந்த ஒரு வரிதான் முழு ரிப்போர்ட்டையும்விட முக்கியம். எஃப்எம்ஆர்1 மரபணுவில் மூன்றெழுத்து ஒன்று திரும்பத் திரும்ப வரும். 200க்கு மேல் வந்தால் குழந்தைக்கு ஃப்ரஜைல் எக்ஸ், அதாவது அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பரம்பரை நோய். 55 முதல் 200 வரை இருந்தால் குழந்தைப் பருவம் பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் போய், ஐம்பது வயதுக்கு மேல் சிலருக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வரும். எஃப்எக்ஸ்டிஏஎஸ் என்று பெயர், 2001இல்தான் முதலில் விவரிக்கப்பட்டது. தாத்தாவிடமிருந்து மகளுக்குப் பெரிய மாற்றமில்லாமல் போகும், மகளிடமிருந்து பேரனுக்குப் போகும்போது நீண்டுவிடும். நடுத் தண்டு வெள்ளையாவது இந்த நோயின் பேர்போன அடையாளம். எம்எஸ்ஏயிலும் அது தெரியலாம் என்பதால் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்துதான் உறுதி செய்ய வேண்டும். வீட்டில் மற்ற பெண்களுக்கும் மரபணு ஆலோசனை தேவைப்படும். யார்மேலும் குற்றம் இல்லை என்பதை மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா ஹன்டிங்டன் நோயில் இறந்தார். எனக்கு 26 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. எம்ஆர்ஐ எடுத்து நிம்மதி அடையலாமா?

ஹன்டிங்டன் என்பது உடல் தன்னிச்சையாக அசைவதும் மனநிலை, ஞாபகம் கெடுவதுமாக வரும் பரம்பரை நோய். எம்ஆர்ஐ அந்த நிம்மதியைத் தராது. நோய் தெரிவதற்குப் பல வருடம் முன்பே வெண்பொருளின் அளவு குறையத் தொடங்குகிறது என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம்தான். ஆனால் தனி ஒருவர் படத்தில் அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பதில் தருவது 1993இல் கண்டுபிடிக்கப்பட்ட மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனை மட்டும்தான். உங்களுக்கு அது வந்திருக்க வாய்ப்பு சரிபாதி. தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை, வீட்டார் அவசரப்படுத்தக் கூடாது. முதலில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள், அதன் பிறகு யோசித்து முடிவெடுங்கள்.

கேள்வி: நடுக்கத்தால் அத்தையால் ஸ்கேன் எந்திரத்தில் அசையாமல் படுக்க முடியவில்லை. இரண்டு முறை பாதியில் எழுந்துவிட்டார்கள்.

ஸ்கேன் என்று காலை மாத்திரையை நிறுத்தியிருப்பீர்கள். நிறுத்த வேண்டாம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்துக்கு ஸ்கேன் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை, தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு. முக்கியமான படங்களை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் முடியாவிட்டால் மயக்க மருத்துவர் இருக்கும் இடத்தில் எடுக்கலாம்.

கேள்வி: மூளையில் மின்முனை வைத்து டிபிஎஸ் செய்தவருக்கு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

கருவியின் அட்டை இல்லாமல் ஸ்கேன் அறை வாசலைத் தாண்டக் கூடாது. சில கருவிகளுக்கு அனுமதி உண்டு, அதற்கென்று நிபந்தனைகளும் உண்டு. கருவி பொருத்திய குழுவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: வெள்ளைப் புள்ளிகள் அழிய வல்லாரை லேகியம் சாப்பிடுகிறேன். வேறு டானிக் இருக்கிறதா? எனக்குப் பார்க்கின்சனும் ரத்த அழுத்தமும் உண்டு.

வந்த வெள்ளையை அழிக்கும் டானிக் எதுவும் இல்லை. புதிதாக வருவதை மெதுவாக்கலாம், அதற்கு வழி ரத்த அழுத்தக் கட்டுப்பாடு. அமெரிக்காவில் ஸ்பிரின்ட் மைண்ட் ஆய்வில் சுமார் 450 பேருக்கு நான்கு வருட இடைவெளியில் இரண்டு முறை எம்ஆர்ஐ எடுத்தார்கள். மேல் அழுத்தத்தை 120க்குக் கீழே வைக்க முயன்றவர்களுக்கு வெள்ளை சுமார் 0.9 கன சென்டிமீட்டர் கூடியது. 140க்குக் கீழே என்று வைத்தவர்களுக்கு 1.5. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் உண்மையானது.

ஆனால் 120 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு நீங்களாக மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை. பார்க்கின்சன் உள்ள பலருக்குப் படுத்தால் அழுத்தம் ஏறும், நின்றால் சடாரென்று இறங்கும். நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த 150ஐப் பார்த்து மாத்திரை கூட்டினால், விடியற்காலை பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியும். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து ஒருமுறை, இப்படி ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மேல் அழுத்தத்தில் இரண்டுக்கும் 20 அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த வரியின் அடியில் கோடு போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.